வீங்கிய காலும் அளந்த கட்டும்

செஞ்சிச் சரித்திரம் எழுதியோர் பெரும்பாலும் அதன் மதில்களையும் முற்றுகைகளையும் பற்றியே எழுதினார்கள், அது இயல்பே. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒருசேர வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடும் மதிலைக் கண்ட ஒருவர், 1677-ல் சிவாஜி அதைக் கைக்கொண்டதையும், 1690-ல் ஜுல்பிகர் கானின் மொகலாயச் சேனை வந்திறங்கி 1698 வரையில் அதன் அடிவாரத்தில் காத்துக் கிடந்ததையும், 1750-ல் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் ஆங்கிலேயரும் அதனை அடைந்ததையும் நினையாமல் இருத்தல் அரிது. 2025 ஜூலையில் மராட்டியர் தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் செஞ்சி இடம்பெற்ற பிறகு, இந்தச் செய்திகளைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லக் கேட்கிறோம். ஆயினும் அந்த மதில்களுக்கு வெளியே, வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் ஆற்றுக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட கிராமங்களில், நாற்று நட்டும் மணிலாக்கொட்டை பிடுங்கியும் தறியில் அமர்ந்தும் ஜீவனம் செய்த ஜனங்களுக்கு வேறொரு சரித்திரம் உண்டு. அது வீங்கிய காலின் சரித்திரம். நோய்க்குப் பெயரும் காரணமும் மருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தேடிக் கண்டவர்கள், வீங்கிய அந்தக் காலை அளந்து, அதற்கென்றே ஓர் உறையைச் செய்து கொடுக்கும் காரியத்தை மட்டும் எப்போதும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். அதற்கான ஆதாரங்களை இங்கே எடுத்துச் சொல்ல முயல்கிறேன்.

நம் நாட்டு வைத்தியர்கள் யானைக்கால் என்னும் இந்த வீக்கத்தை வெகு காலமாக அறிந்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதை அதைச் சிலீபதம் என்று அழைக்கிறது. பழைய நீர் தேங்கி நிற்பதும் எல்லாப் பருவங்களிலும் குளிர்ச்சி மாறாததுமான தேசங்களில் அது விசேஷமாகத் தோன்றும் என்று கொசுவின் பங்கைக் கனவிலும் கருதாத ஒரு காலத்தில் எழுதிவைத்த அந்த ஆசிரியரின் கூர்மையை எவ்வளவு வியந்தாலும் தகும். ஓராண்டைக் கடந்ததும், மிகப் பெருத்ததும், கறையான் புற்றைப்போல முடிச்சு முடிச்சாகத் திரண்டதுமான சிலீபதத்தைக் கைவிடவேண்டும் என்றும் அந்த நூல் சொல்லிவிடுகிறது. அதே சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில், விரணங்களுக்குக் கட்டுப்போடும் முறைகளைச் சொல்லும் அத்தியாயம் ஒன்று இருக்கிறது. பதினான்கு வகைக் கட்டுகளை அங்கே பெயரிட்டுப் பிரித்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, கட்டின் இறுக்கத்தை மூன்றாக வகுத்திருக்கிறார்கள். இறுக்கமான கட்டு என்பது அழுத்தவும் வேண்டும், அதே சமயம் வலி உண்டாக்கவும் கூடாது. தளர்ந்த கட்டுக்குள் காற்று நுழைய இடம் இருக்கும். இரண்டும் இல்லாதது சமம். தொடை, இடுப்பு, தலை போன்ற இடங்களுக்கு இறுக்கமும், கை கால்களுக்குச் சமமும், கண்ணுக்கும் மூட்டுகளுக்கும் தளர்வும் விதிக்கப்பட்டன. கோடைக்கு ஒரு விதமாகவும் குளிர்காலத்துக்கு ஒரு விதமாகவும் கட்டை அவிழ்த்து மாற்றும் கால அளவுகூட அங்கே பேசப்படுகிறது.

எந்த அவயவத்துக்கு எவ்வளவு அழுத்தம், எந்தப் பருவத்தில் எத்தனை நாளைக்கு என்ற இந்தக் கேள்வியைத்தான் இன்றைய மருத்துவமும் கேட்கிறது. ஆனால் சிலீபதத்தின் சிகிச்சையிலோ லேபமும் எண்ணெயும், சிரையைக் கீறி இரத்தம் விடும் சிரைவேதமுமே முதன்மை பெற்றன. ஒரே நூலில் இரண்டு இடங்களில் வாழ்ந்த இவ்விரு அறிவுகளும் ஒன்றையொன்று சந்திக்காமலே போயின. இந்தப் பிரிவு பின்வந்த நூற்றாண்டுகளிலும் வேறு வேறு ரூபங்களில் தொடர்ந்ததைக் காண்கிறோம்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் தங்கியிருந்த டச்சுக்காரரான லின்ஸ்கோத்தன், பெருத்த காலுடைய ஜனங்களைப் பற்றிக் குறித்திருக்கிறார். இயேசுவின் சீடரான தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததியார் அடைந்த சாபம் அது என்ற கதையை ஐரோப்பா அவர் வழியாகவும் கேட்டது. சாபம் என்று சொல்லிவிட்டால் காலை யாரும் உற்றுப் பார்க்கவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பார்வை மாறியது. எனினும் அது காலைவிட்டு இரத்தத்துக்குப் போயிற்று. 1872-ல் கல்கத்தாவில் டாக்டர் லூயிஸ் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877-ல் சீனத்துத் துறைமுகமான அமாயில் மான்சன் என்பவர் அப்புழு கொசுவின் உடம்புக்குள் வளர்வதைக் காட்டினார். பூச்சி ஒன்று மனித வியாதியைச் சுமக்கும் என்ற உண்மைக்கு முதல் வாசலைத் திறந்தது இந்த யானைக்கால் நோயே. மலேரியாவின் மர்மம் அதற்குப் பின்புதான் அவிழ்ந்தது. சாக்கடைத் தேக்கத்தில் முட்டையிடும் கியூலெக்ஸ் கொசுவே இதைப் பரப்புகிறது என்று தெரிந்தபின், பழியெல்லாம் ஊருக்குள் தேங்கும் கழிவுநீரின்மேல் சென்றதும் நியாயமே.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1955-ல், தேசிய அளவில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1975-ல் புதுச்சேரியில் நோய்க்கடத்திகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. செஞ்சியிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரந்தான். டாக்டர் பி. கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் ஐந்தாண்டுகள் அந்த நிலையம் புதுச்சேரி நகரில் நடத்திய முயற்சி, கொசு பிறக்கும் நீரையே திருத்தினால் நோய்ப் பரவலைக் குறைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. பின்னர் அதே நிலையத்தார் நம் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் ஆண்டுக்கு ஒருமுறை மருந்து கொடுத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார்கள். 1996-ல் கடலூர் மாவட்டத்தில் ஜனங்கள் அனைவருக்கும் ஒரே நாளில், புழுவை நீக்கும் டி.இ.சி. மாத்திரை வழங்கும் திட்டம் தொடங்கி, பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. இரத்தத்தில் புழுவுள்ளோரின் தொகை ஆண்டுக்காண்டு இறங்கியது. இது சாதாரணமான சாதனையன்று. அந்தக் களப்பணியாளர்கள் இரவு வேளையில் வீடு வீடாகச் சென்று விரல்நுனி இரத்தம் எடுத்த உழைப்புக்கு நாம் கடமைப்பட்டவர்கள். புழு இரவில்தான் இரத்தத்தில் உலவும் என்பதால் அவர்களும் தங்கள் இரவை அதற்குக் கொடுத்தார்கள்.

ஆயினும் மாத்திரை புழுவைத்தான் நீக்கும். முன்பே கெட்டுப்போன நிணநீர்க் குழாய்களைத் திரும்பக் கட்டித்தராது. ஏற்கனவே வீங்கியவர்கள் வீங்கியபடியே இருந்தார்கள். புதுச்சேரி ஆராய்ச்சியாளர்களே தென்னிந்திய நெசவுக் கிராமம் ஒன்றில் ஆண் நெசவாளர்களை ஆராய்ந்து, நாட்பட்ட யானைக்கால் வியாதியுள்ளவரின் உற்பத்தி கால் பங்குக்கும் மேல் குறைந்துபோவதை 1996-ல் வெளியிட்டார்கள். தறிக்குழியில் மிதிபலகையை ஓயாமல் மிதிக்கும் கால் அது. நாளெல்லாம் துணி நெய்கிறவனின் வீங்கிய காலைத் தாங்க அளந்து நெய்த ஒரு துணி அவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. பிற்காலத்தில் அரசாங்கம் இவர்களை அடியோடு மறந்துவிடவில்லை. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. காலைக் கழுவித் துடைத்துப் பராமரிக்கத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பெட்டியும் தருகிறார்கள். நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வரும் அடிக்கடித் தாக்குதல்களைக் குறைப்பதில் இந்தச் சுத்தம் செய்யும் உபகாரம் பெரிது. ஆனால் அப்பெட்டியில் அழுத்தும் உறை இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. சோப்பைப்போல அதைக் கணக்குப் பார்த்து எல்லோருக்கும் ஒன்றுபோல் வழங்க முடியாது.

இதற்கிடையே மேற்கு நாடுகளில் அழுத்தும் காலுறையின் வரலாறு தனியே வளர்ந்தது. ரப்பரைப் பதப்படுத்தும் வித்தை 1840-களில் கைவந்தவுடன், 1848-ல் இங்கிலாந்தில் வில்லியம் பிரவுன் என்பவர் ரப்பர் இழையைக்கொண்டு மீள்தன்மையுள்ள காலுறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் எங்கே எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்த பெருமை, வைத்தியரல்லாத ஓர் எஞ்சினீயருக்கு உரியது. அமெரிக்காவின் டொலீடோ நகரில் வாழ்ந்த கான்ராட் யோப்ஸ்ட், தம் காலில் ஆறாத சிரைப்புண்ணால் வருந்தியவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போதெல்லாம் வலி தணிவதை அவர் கவனித்தார். நீரில் நிற்பவரின் பாதத்தின்மேல் அழுத்தம் மிகுதி, மேலே செல்லச் செல்ல அது குறையும். ஒரு மீட்டர் ஆழத்தில் அது சுமார் 74 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் சக்கரக்குளத்தின் படிகளில் இடுப்பளவு நீரில் இறங்கி நிற்பவர் காலுக்கும் இதே படிமுறை அழுத்தம் கிடைக்கும். அந்த நீரின் வேலையைத் துணி செய்யவேண்டும் என்று எண்ணி, காலை அங்குலம் அங்குலமாக அளந்து, கணுக்காலில் மிகுந்து தொடையை நோக்கிக் குறையும் அழுத்தமுடைய உறைகளை 1950-ஐ ஒட்டி அவர் செய்தார். நோயாளியும் கணிதமறிந்தவனும் ஒரே ஆளாக இருந்ததால் இந்த வித்தை பிறந்தது.

அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1940-ல், மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்னும் இருவர் வேறொரு வீக்கத்தை விவரித்திருந்தார்கள். பெண்களுக்கே பெரும்பாலும் வரும் அதற்கு லிப்பிடீமா என்று பெயர் வைத்தார்கள். கொழுப்பு வீக்கம் என்று நாம் சொல்லலாம். பூப்பெய்தும் காலத்திலோ பிரசவத்தை ஒட்டியோ தொடங்கி, இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் ஒன்றுபோல் பருக்கும். பாதம் மட்டும் பழையபடி இருக்கும். கணுக்காலில் வளையம் போட்டதுபோல் வீக்கம் சட்டென நின்றுவிடும். தொட்டால் வலிக்கும், சற்று இடித்தாலும் கன்றிப்போகும், பட்டினி கிடந்தாலும் கால் மெலியாது. யானைக்கால் வீக்கம் இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் ஒரு காலில் மிகுந்திருக்கும், புறங்காலையும் விரல்களையும் விடாது, தோல் தடித்துப்போகும். காலின் இரண்டாம் விரல் தொடங்கும் இடத்தில் மேற்புறத் தோலைக் கிள்ளி மடிக்க முடிகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, 1976-ல் ஸ்டெம்மர் என்பவர் சொன்னது, பல சமயங்களில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் புழுநோய் பரவிய பிரதேசத்தில் வீங்கிய காலெல்லாம் யானைக்கால் என்றே பெயர் பெறும். அப்பெயர் பெறாத பெண், தின்று பெருத்தவள் என்ற பழியைச் சுமப்பாள். புடவை அவள் காலை மறைத்தது. அதனாலேயே வைத்தியரின் பார்வையிலிருந்தும் அது மறைந்தது. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் சன்னிதிக்குத் திரளும் பெண்களுள் இப்படிப்பட்ட காலோடு நடந்து வந்தவர்களும் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அளந்து செய்தல் என்னும் தர்மத்தை நம் தமிழ்நாடே ஒருமுறை உலகத்துக்குக் கற்பித்தது. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் பாதங்கள் அழிவதற்கு நோய்க்கிருமி மட்டும் காரணமன்று, உணர்ச்சியற்ற காலில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே பெருங்காரணம் என்று கண்டு, நுண்துளை ரப்பரில் அவரவர் பாதத்துக்கேற்ற செருப்புச் செய்யும் வழியைத் திறந்தார். 1955-ல் திறக்கப்பட்ட காரிகிரி நிலையத்தில் செருப்புத் தைப்பவர் வைத்தியருக்குச் சமமான இடம் பெற்றார் என்று சொல்வது மிகையாகாது. யானைக்கால் வீக்கத்தைப் பொறுத்தவரை தஞ்சாவூரில் டாக்டர் ஜமால், நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையில் பெயர் பெற்றார். கேரளத்தில் ஆலப்புழையின் டாக்டர் ஷெனாய் கால் பராமரிப்பின் பயனை ஆராய்ந்து நிலைநாட்டினார். காசர்கோட்டில் டாக்டர் நரஹரி நிறுவிய தோல்மருத்துவ நிலையம், ஆயுர்வேத முறைகளோடும் யோகப் பயிற்சியோடும் துணிக்கட்டை இணைத்து, குடும்பத்தாருக்கே கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தது. சுசுருதரின் நூலில் தனித்தனியே நின்ற இரண்டு அத்தியாயங்களும் சந்தித்த இடம் காசர்கோடு என்று நான் கருதுகிறேன். செருப்புக்குக் கிடைத்த கைவினைஞர் காலுறைக்கு இன்னும் நம் பக்கம் கிடைக்கவில்லை.

இப்பொழுது நடப்பது என்ன? மருந்துச் சீட்டில் ஸ்டாக்கிங்ஸ் என்று ஒரு சொல் எழுதப்படுகிறது. மருந்துக்கடையில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவுகள் இருக்கும். வீக்கம் முற்றியிருக்கும் மாலை நேரத்தில், நின்றபடியே, சேலைக்கு மேலாகக் கண்ணால் மதிப்பிட்டு ஒன்றை எடுத்துத் தருகிறார்கள். தொடை பருத்தும் கணுக்கால் ஒடுங்கியும் இருக்கிற லிப்பிடீமாக் காலுக்கு இந்த மூன்றில் எதுவும் பொருந்தாது. தொடைக்குப் பொருந்துவது கணுக்காலில் தொங்கும். கணுக்காலுக்குப் பொருந்துவது தொடையில் சுருண்டு, கயிறு கட்டினாற்போல் இறுகிக் கீழே நீரைத் தேக்கும். லாப்லாஸ் என்னும் பிரெஞ்சுக் கணித மேதையின் விதிப்படி, ஒரே இழுவிசையுள்ள துணி மெலிந்த இடத்தில் மிகுதியாகவும் பருத்த இடத்தில் குறைவாகவும் அழுத்தும். ஆகவே அளவு பிசகினால் மருந்தின் அளவு பிசகியதாகவே கொள்ளவேண்டும். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்களின் பாதம் அழுகியதற்கு, ஈரத்தோடு, காலில் இறுக்கிச் சுற்றிய பட்டித் துணியும் ஒரு காரணம் என்று வைத்தியர்கள் கண்டார்கள்; அளவறியாத கட்டு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சீட்டில் காலுறையின் அழுத்தத்தை இரண்டாம் வகுப்பு என்று எழுதுவதும் போதாது. ஆங்கிலேயக் கணக்கில் அது 18 முதல் 24 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். ஜெர்மானியக் கணக்கில் 23 முதல் 32 வரை. எந்த நாட்டுச் சரக்கு கடைக்கு வந்ததோ அதுவே நோயாளியின் விதியாகிவிடும். ஆதலால் வகுப்பை விட்டு, அழுத்தத்தையே எண்ணால் எழுதவேண்டும். அதற்கு முன்னர்க் காலின் தமனி ஓட்டம் செம்மையாக இருக்கிறதா என்று கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் இரத்த அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். நீரிழிவு மலிந்த நம் நாட்டில் இதை விடுவது ஆபத்து. நிணநீர் வீக்கமாயின், பட்டைத்துணிக் கட்டுகளால் முதலில் காலின் வீக்கத்தை இயன்ற மட்டும் இறக்கிவிட்டு, பிறகுதான் உறைக்கு அளவெடுக்கவேண்டும். வீக்கம் இறங்காத காலுக்குத் தைத்த உறை வாரம் திரும்புமுன் தளர்ந்துபோம். அளவு காலை வேளையில் எடுக்கப்படவேண்டும். கணுக்காலின் மிக ஒடுங்கிய இடம், கெண்டையின் மிகப் பருத்த இடம், முழங்காலின் கீழ், நடுத்தொடை, தொடையின் மேற்புறம் என ஒவ்வொன்றின் சுற்றளவும், தரையிலிருந்து அவற்றின் உயரமும் குறிக்கப்படவேண்டும். மடிப்பு விழுந்த காலுக்கு வட்டமாகப் பின்னிய உறை மடிப்புக்குள் அறுக்கும்; தட்டையாகப் பின்னித் தையலிட்ட, கனத்த துணி அங்கே வேண்டும். லிப்பிடீமாவில் இவ்வுறை கொழுப்பைக் கரைக்காது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடவேண்டும்; வலியையும் கனத்தையும் குறைத்து, நடக்க வைக்கும். அதுவே அப்பெண்ணுக்குப் பெரிய லாபம். ஆனால் மெலிவை எதிர்பார்த்து அணிந்தவள் ஒரு மாதத்தில் ஏமாந்து கழற்றிவிடுவாள்.

நம் ஊர்ப் பெண்களுக்கு அளவெடுப்பதில் அந்நிய நூல்கள் சொல்லாத விஷயங்களும் உண்டு. தொடையின் மேற்புறம்வரை அளக்கவேண்டியிருப்பதால், தனி அறையும் அளக்கத் தெரிந்த பெண் ஒருத்தியும் அவசியம். இவை இல்லாத இடத்தில் அளவு முழங்காலோடு நின்றுவிடும், உறையும் அங்கேயே நின்று, தொடையின் வலி அப்படியே இருக்கும். கொலுசைக் கழற்றிவிடலாம், மெட்டியைக் கழற்றச் சொன்னால் மணமான பெண் உறையைத்தான் கழற்றுவாள். விரல் திறந்த உறை எழுதினால் அந்தச் சங்கடமே எழாது. மணிலா பிடுங்குகிறவள் நாளெல்லாம் குந்தியே இருப்பதால், முழங்காலின் பின்புறம் துணி மடிந்து கடிக்கும். அவளைக் குந்த வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பொருத்திப் பார்க்கவேண்டும். நடவு நாளில் சேற்றில் அதை அணிய இயலாது. கரையேறிக் காலைக் கழுவி, விரலிடுக்குகளை உலர்த்தி, அதன்பின் அணியலாம் என்று நேரம் வகுத்துக் கொடுத்தால் அவள் அதைக் கைவிடமாட்டாள். சித்திரை வெயிலில் தொடைவரை உறை அணியச் சொல்வது எளிது, அணிவது அரிது. அம்மாதங்களில் அழுத்தம் குறைந்த உறையோ, ஒட்டுப்பட்டையால் தளர்த்தி இறுக்கக்கூடிய சுற்றோ கொடுப்பதில் தவறில்லை. கோடையில் கட்டை அடிக்கடி மாற்றச் சொன்ன பழைய ஆசிரியருக்கு இந்த வெயில் தெரியும்.

இவற்றுக்கு வேண்டிய கைகள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓயாமல் நெய்யும் பேண்டேஜ் துணி தேசமெங்கும் மருத்துவமனைகளுக்குப் போகிறது. திருப்பூரின் பின்னல் எந்திரங்கள் உலகத்தின் உடம்பளவையெல்லாம் அறிந்தவை. செஞ்சிக் கடைத்தெருவில் ரவிக்கைக்கு அளவெடுக்கும் தையற்காரி, ஒரு பெண்ணின் தோளில் அரை அங்குலம் பிசகினால் துணியைப் பிரித்து மறுபடி தைக்கிறாள். காலுக்கு மட்டும் அந்த மரியாதை ஏன் மறுக்கப்படவேண்டும்? 2010-ல் முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தபிறகு, திருவண்ணாமலைக்கோ புதுச்சேரிக்கோ ஓடவேண்டிய அவசியம் இப்பக்கத்தாருக்குக் குறைந்திருக்கிறது. 2016-ல் யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீக்கிய நாடாக அங்கீகாரம் பெற்ற இலங்கையிலும், அதன்பின் வீங்கிய கால்களைப் பராமரிக்கும் வேலை முடிந்துவிடவில்லை. நம் மாவட்டத்திலும் அது பல பத்தாண்டுகள் தொடரும்.

செஞ்சி அரசு மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள், கிராமத்துப் பேருந்துகள் வந்து சேரும் காலை வேளையில், திரையிட்ட ஓர் அறையும் ஒரு மேசையும் அளவுநாடாவும் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணும் இருந்தால் காரியம் தொடங்கிவிடும். அவள் எழுதும் அட்டையில் அழுத்தத்தின் எண்ணும், காலின் சுற்றளவுகளும், விரல் திறந்ததா மூடியதா என்பதும், அந்தப் பெண் செய்கிற வேலையும் இருக்கவேண்டும். ஒன்றைத் துவைத்து உலர்த்தும்போது மற்றொன்றை அணிய வசதியாக, இரண்டு ஜோடி கொடுக்கவேண்டும். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதை ஏற்றும் விதத்தை அவள் எதிரிலேயே பழக்கவேண்டும். தானாக ஏற்ற முடியாத முதியவளாயின், உடன் வந்த மகளுக்கோ மருமகளுக்கோ பழக்கவேண்டும். ஆறு மாதத்தில் துணியின் இழுவிசை தளர்ந்துவிடும். ஆகையால் அட்டையின் கடைசி வரியில் அவள் மறுபடி வந்து அளவு கொடுக்கவேண்டிய தேதியை, அவள் எழுந்து போவதற்கு முன்பே எழுதிவிடவேண்டும்.